வலநகர்வு என்னும் செயற்குறி

புலிகொல் யானை என்னும் தொடர் தமிழிலக்கணம் பயில்வோர்க்குப் பழக்கமானது. புலியைக் கொன்ற யானை என்றும், புலியாற் கொல்லப்பட்ட யானை என்றும் அஃது இருபொருள்படும். இடையே மறைந்து நிற்கும் பொருள் தெளியுமளவும் இறந்துபட்டது எவ்விலங்கு என்பது தெளியாது. ஏட்டிலே இம்மயக்கம் சுவை பயப்பது. ஆயின், 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக அமைக்கப்பெற்ற நம் மேற்குமலைச் சாரலிலே காவல் புரியும் ஒருவர் தம் மேலதிகாரிக்கு இவ்விரு சொற்களை மாத்திரம் எழுதி விடுப்பாராயின், எவ்விலங்கின் உடலைத் தேடிப் போவது என்று அவ்வதிகாரி திகைப்பர் அன்றோ?

இத்தகைய மயக்கம் மக்கள் மொழிக்கே உரியதன்று. கணிப்பொறிக்குக் கட்டளையிடுதற்கென்று அறிஞர் வகுத்த நிரல்மொழிகளிலும் உண்டு. அவற்றுள் மிகச் சிறியதொரு குறியைப் பற்றி எழுந்த மயக்கத்தையும், அதனைத் தீர்க்க மொழியாக்குவோர் மேற்கொண்ட வழிகளையும், அம்மயக்கம் தமிழெழுத்தையே தாக்குமாற்றையும் ஈண்டு விளக்கப் புகுகின்றேன். அக்குறி வலநகர்வுக் குறி. வலப்புறம் நோக்கிய கோணங்கள் இரண்டினை >> என்று அடுத்தெழுதுவது அதன் வடிவம்.

நகர்வு என்பது யாது? நம் ஊர்களில் மெட்ரிக் அளவைகள் புகுமுன்னர்ப் பாலும் நெய்யும் தானியமும் படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்னும் கலங்களால் அளக்கப்பட்டன. படியிற் பாதி உரி. உரியிற் பாதி உழக்கு. உழக்கிற் பாதி ஆழாக்கு. ஆகவே, ஆழாக்கினை ஒன்று எனக் கொண்டால் இந்நான்கு கலங்களின் மதிப்பு முறையே 8, 4, 2, 1 ஆகும். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குரிய பால் இன்று லிட்டரால் அளக்கப்படினும், ஆழாக்கும் உழக்கும் முதியோர் வாய்மொழியினின்று இன்னும் மறைந்தில.

இக்கலங்களைப் பெரியது இடக்கோடியிலும் சிறியது வலக்கோடியிலுமாக நிரல்பட வைத்து, நிறைந்த கலத்துக்கு 1 என்றும் வெறுங்கலத்துக்கு 0 என்றும் எழுதுவோமாக. உரியும் உழக்கும் நிறைந்து ஏனைய இரண்டும் வெறுமையாயின் 0110 என்றாகும். அதன் அளவு 4+2, அதாவது 6 ஆழாக்கு. இவ்விலக்கங்களை ஒரு தானம் இடப்புறமாகத் தள்ளினால் 1100 என்றாகும். படியும் உரியும் நிறைந்தமையின் அளவு 12. ஒரு தானம் வலப்புறமாகத் தள்ளினாலோ 0011 என்றாகும். அளவு 3. எனவே, இடநகர்வு இரட்டித்தலும், வலநகர்வு பாதியாக்கலும் ஆதல் காண்க. மூன்றாழாக்கை மீண்டும் வலப்புறம் தள்ளினால் 0001 என்று ஒன்றே எஞ்சும். ஆழாக்கினும் சிறிய கலம் அவ்வரிசையில் இன்மையால் மிச்சமாகிய அரை ஆழாக்கு வழிந்தொழிந்தது என்க.

கணிப்பொறியும் எண்களை இவ்வாறே வைத்துக்கொள்கின்றது. ஒவ்வொரு தானத்தையும் பிட் என்பர். எட்டுப் பிட்டுகள் கூடியது ஒரு பைட். எட்டுத் தானங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என நிற்றலின், ஒரு பைட்டினுள் 0 முதல் 255 வரை எழுதலாம். இங்ஙனம் கழித்தற்குறிக்கு இடமின்றி எழுதப்படுவனவற்றைக் குறியிலா எண்கள் என்று வழங்குவோம்.

இனி, கையிருப்பை எழுதக் கற்ற நமக்குக் கடனையும் எழுத வேண்டுமன்றோ? இதற்கு இக்காலப் பொறிகள் மேற்கொண்ட உபாயம் வியக்கத்தக்கது. இடக்கோடித் தானத்தின் மதிப்பை மாத்திரம் 128 என்பதற்குப் பதிலாக -128 என்று கொள்வதே அது. அக்கலம் நிறைந்திருந்தால் 128 கடன் உண்டென்பது கருத்து. ஏனைய கலங்கள் அக்கடனைக் குறைக்கும் வரவு. 11111000 என்பதனை இவ்வாறு கூட்டினால் -128+64+32+16+8, அதாவது -8 என வரும். இவ்வகையில் -128 முதல் 127 வரை எழுதலாம். இவற்றைக் குறியுடை எண்கள் என்போம். கூட்டலும் கழித்தலும் இருவகை எண்களுக்கும் ஒரே கருவியால் நிகழ்வது இவ்வுபாயத்தின் சிறப்பு.

ஆயின் மயக்கம் பிறப்பதும் இங்கேதான். 11111000 என்னும் அதே எட்டு இலக்கங்கள் குறியிலா எண்ணாகக் கொள்ளுங்கால் 248. குறியுடை எண்ணாகக் கொள்ளுங்கால் -8. பொறிக்கோ இரண்டும் ஒன்றே. இதனை ஒரு தானம் வலப்புறம் நகர்த்துமின் என்றால், இடக்கோடியில் வெறுமையாகும் தானத்தை எதனால் நிரப்புவது? சுழியால் நிரப்பினால் 01111100 என்று 124 வரும். 248இன் பாதி அதுவே. ஆனால் -8இன் பாதி அன்று. முன்னிருந்த இலக்கமாகிய ஒன்றினாலேயே நிரப்பினால் 11111100 என்று -4 வரும். -8இன் பாதி அதுவே; ஆனால் குறியிலா எண்ணாகப் பார்ப்பின் 252 ஆகி, 248இன் பாதி அதனினும் பெரிதாய் முடியும்! எனவே வலநகர்வு ஒன்றன்று, இரண்டு. முன்னதைச் சுழி நிரப்பும் நகர்வு என்றும், பின்னதைக் குறி காக்கும் நகர்வு என்றும் பெயரிட்டுக்கொள்வோம். இடநகர்வில் இச்சிக்கல் இல்லை. வலக்கோடியில் வெறுமையாகும் தானம் இருவகை எண்ணிலும் சுழியாலேயே நிரம்பும்.

குறி காக்கும் நகர்வு வகுத்தலோடு முற்றும் ஒத்ததும் அன்று. -7ஐ இரண்டால் வகுக்குமாறு பணித்தால் ஜாவா முதலிய மொழிகள் மிச்சத்தை நீக்கி -3 என்னும். நகர்த்தினாலோ -4 என்று வரும். இன்னும் ஒரு புதுமை: -1 என்பதில் எல்லாத் தானங்களும் ஒன்றாகவே நிற்றலின், அதனை எத்தனை முறை நகர்த்தினாலும் -1 ஆகவே நிற்கும். எத்தனை முறை பாதியாக்கினும் தீராத ஒரு ரூபாய்க் கடன் அது.

இவ்வேறுபாட்டைப் பொறி செய்வோர் நன்கு அறிந்திருந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி என்னும் செயலி வகையை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் சில்லுகள் 2018ஆம் ஆண்டில் வெளிவந்தன. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியில் இடநகர்வுக்கு ஒரு கட்டளையும், வலநகர்வுக்குச் சுழி நிரப்புவது ஒன்று, குறி காப்பது ஒன்று என இரு கட்டளைகளும் வெவ்வேறு பெயருடன் உள்ளன. பொறியின் மொழியில் மயக்கம் இல்லை. பொறிக்கும் மனிதனுக்கும் இடைநின்று பேசும் நிரல்மொழியிலேயே மயக்கம் நுழைகின்றது. ஆதலின் இது மொழியாக்குவோன் தீர்க்கவேண்டிய வழக்கு.

அவ்வழக்கை முதலில் எதிர்கொண்டோருள் டென்னிஸ் ரிச்சி ஒருவர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் இயற்றிய சி மொழி வலநகர்வுக்கு >> என்னும் ஒரே குறியைக் கொண்டது. குறியிலா எண்ணாயின் சுழி நிரப்புக என்பது அம்மொழியின் விதி. குறியுடைய எண் சுழியினும் குறைந்ததாயின் என் செய்வது? அதனை அந்தந்தப் பொறிக்குரிய மொழிபெயர்ப்பி முடிவுசெய்து கொள்க என்று விதிநூல் விட்டுவிட்டது. அக்காலப் பொறிகள் பலதிறப்பட்டவை ஆதலின், எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்து ஒவ்வொன்றும் தனக்கு விரைவான வழியிற் செல்லுமாறு விட்டனர். நம் இலக்கணத்தார் கூறும் தொகைநிலையோடு இதனை ஒப்பிடலாம். உருபு மறைந்து நிற்க, பொருளை உரையாசிரியர் விரித்துக்கொள்வர்; உரையாசிரியர் இருவராயின் பொருளும் இரண்டாகலாம். சி மொழியின் வழிவந்த சி ப்ளஸ் ப்ளஸ் 2020ஆம் ஆண்டின் விதிநூலில் இதனைக் குறி காக்கும் நகர்வே என்று அறுதியிட்டது. நன்னூலார் குற்றங்கள் பத்தினுள் ஒன்றாக வைத்த மயங்க வைத்தலை அங்ஙனம் நீக்கிக்கொண்டது எனலாம்.

1995ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஜாவா மொழியின் தலைவர் ஜேம்ஸ் காஸ்லிங் வேறொரு வழி சென்றார். குறியிலா எண்களின் நடையை நிரல் எழுதுவோர் பலர் செவ்வனே அறியார் என்பது அவர் கருத்து. ஆதலின், எழுத்துகளைக் குறிக்கும் ஒரு வகை நீங்கலாக, அம்மொழியின் முழுவெண் வகைகள் அனைத்தையும் குறியுடையனவாகவே வைத்தார். ஆயினும் சுழி நிரப்பும் நகர்வு இன்றி அமையாத வேலைகள் பல உளவன்றோ? அவற்றுக்கென மூன்று கோணங்களை அடுத்தெழுதும் >>> என்னும் தனிக்குறியை ஏற்படுத்தினார். இரட்டைக் கோணம் குறி காக்கும். மும்மைக் கோணம் சுழி நிரப்பும். இது விரிநிலை. புலியைக் கொன்ற யானை என்று உருபை வெளிப்படக் கூறுதல் போன்றது. அதே ஆண்டிற் பிறந்த ஜாவாஸ்கிரிப்டும் இவ்வழக்கையே மேற்கொண்டது.

மூன்றாம் வழியும் ஒன்று உண்டு. 2009இல் வெளியிடப்பெற்ற கோ என்னும் மொழியும், ரஸ்ட், ஸ்விஃப்ட் என்பனவும் ஒரே வலநகர்வுக் குறியைக் கொண்டும் மயக்கம் இன்றி இயலுகின்றன. எண்ணை அறிவிக்கும்போதே அது குறியுடையதா, குறியிலாததா என்று நிரலர் கூறிவிடல் வேண்டும். அவ்வகையை நோக்கி மொழி தானே உரிய நகர்வைத் தேரும். எழுவாயின் திணையும் பாலும் அறியப்பட்டவிடத்து வினைமுற்று அதற்கியைந்து வருதல் போன்றது இது. பைத்தான் மொழியிலோ முழுவெண்ணுக்கு அளவெல்லை இல்லை. இடக்கோடி என்றொரு தானமே இன்மையால் அங்கே சுழி நிரப்புவது என்னும் வினாவே எழாது; குறி காக்கும் நகர்வு ஒன்றே உளது.

இக்குறிகள் மொழிதோறும் ஒரு பொருளவும் அல்ல. சில்லுகளை வரைதற்குரிய வெரிலாக் மொழியில் 2001ஆம் ஆண்டின் விதிநூல் மும்மைக் கோணத்தைச் சேர்த்தது. ஆனால் அங்கே அது குறியுடை எண்ணின் குறியைக் காப்பது. இரட்டைக் கோணமே சுழி நிரப்புவது. ஜாவாவுக்கு நேர்மாறு! சீ ஷார்ப் மொழியோ தொடக்கத்திலேயே இருவகை எண்களையும் கொண்டு, வகை நோக்கி நகர்த்தும் வழியில் நின்றது. பின்னர் 2022ஆம் ஆண்டில் மும்மைக் கோணத்தையும் சேர்த்துக்கொண்டது. மிகைபடக் கூறல் என்று ஒருகாற் கருதப்பட்டது பிறிதொருகால் வேண்டப்படுவதாயிற்று.

இத்துணைச் சிறிய குறியைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு என்று சிலர் வினவலாம். விடையாக இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துரைப்பேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் ஒரு சொல்லைத் தேடுவோன் முதற் பக்கம் தொடங்கிப் புரட்டுவானல்லன். நடுவே திறந்து, தேடும் சொல் முன்னதா பின்னதா என நோக்கி, அப்பாதியின் நடுவை மீண்டும் திறப்பான். லக்ஷத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருப்பினும் பதினேழு முறை பாதியாக்கினால் சொல் அகப்படும். கணிப்பொறியும் இவ்வாறே தேடும். முதலெல்லையையும் முடிவெல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு வரும். ஜாவாவின் நூலகத்திலும் இம்முறையே எழுதப்பட்டிருந்தது. ஆனால் 32 பிட்டுள்ள குறியுடை எண்ணின் மேலெல்லை 2147483647. எல்லைகள் இரண்டும் 1500000000 என வைப்பின், கூட்டுத்தொகையாகிய 3000000000 அவ்வெல்லையைக் கடந்து -1294967296 என்று கடனாய்த் தோன்றும். அதனை வகுத்தால் நடுவும் கடனாகும். கடனாகிய பக்க எண் எந்நூலில் உண்டு? இப்பிழை ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் எவர் கண்ணிலும் படாது கிடந்தது என்பதை அந்நூலகப் பகுதியை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவரே 2006ஆம் ஆண்டில் உலகறிய எழுதினார். தீர்வு யாது? வகுத்தலை நீக்கி மும்மைக் கோணத்தால் ஒரு தானம் நகர்த்துதல். கூட்டுத்தொகையைக் குறியிலா எண்ணாக மதித்துச் சுழி நிரப்புதலின் 1500000000 என்னும் மெய்யான நடு கிடைக்கும். ஒரு கோணம் மிகுதியாக இடப்பட்டதனால் ஒரு பெரும்பிழை தீர்ந்தது.

இரண்டாவது நம் மொழியைச் சார்ந்தது. கணிப்பொறிகளில் எழுத்துகளைச் சேமிப்பதற்கு இன்று பெருவழக்காயுள்ள யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். அதன் மதிப்பு 128க்குக் குறைவு. ஆகவே இடக்கோடிப் பிட் என்றும் சுழி. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். மூன்றிலும் இடக்கோடிப் பிட் என்றும் ஒன்று. அகரம் 224, 174, 133 என்னும் மூன்று எண்களால் எழுதப்படுகின்றது. குறியுடைய பைட்டாக ஜாவா இவற்றை வாசிக்குங்கால் -32, -82, -123 என்று மூன்றும் கடனாகவே தோன்றும்!

இனி, ஒரு பைட்டை இணையமுகவரியில் எழுதுதற்பொருட்டு அதன் மேற்பாதியாகிய நான்கு பிட்டுகளைத் தனியே எடுத்து, பதினாறு எழுத்துகள் கொண்ட அட்டவணையில் உரிய எழுத்தைப் பார்க்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். நான்கு தானம் வலப்புறம் நகர்த்துவான் நிரலர். ஆங்கில எழுத்தாயின் எந்நகர்வும் ஒரே விடை தரும். ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்துக்குரிய 65ஐ நகர்த்தினால் எவ்வாற்றானும் 4. ஆனால் அகரத்தின் இரண்டாம் பைட்டாகிய 174ஐ, அதாவது 10101110 என்பதனை, நகர்த்தினால் 10 வருதல் வேண்டும். இரட்டைக் கோணம் -6 தரும். பதினாறு எழுத்துள்ள அட்டவணையில் -6ஆம் இடம் ஏது? சரி, மும்மைக் கோணம் காக்குமோ எனின், அதுவும் காவாது. ஜாவா சிறிய எண்ணை முதலில் 32 பிட்டுக்கு விரித்துக் கொண்ட பின்னரே நகர்த்தும். விரிக்குங்கால் புதிய தானங்களெல்லாம் ஒன்றால் நிரம்பும். எனவே விடை 268435450 என்று பெருகும். முன்னரே 255 என்பதனோடு பிட்டுக்குப் பிட் பொருத்தி, கீழ் எட்டுப் பிட்டுகளை மாத்திரம் நிறுத்திக்கொள்வதே காவல். அதன்பின் எக்கோணமாயினும் 10 என்றே வரும். சி மொழியிலோ எழுத்துக்குரிய வகையே சில பொறிகளிற் குறியுடையதாகவும் சிலவற்றிற் குறியிலாததாகவும் இருத்தலின், ஒரே நிரல் ஓரிடத்து நேரிதாகவும் பிறிதோரிடத்துப் பிழையாகவும் நடக்கும்.

இதன்கண் ஒரு நுட்பம் காண்க. ஆங்கில எழுத்தைக் கொண்டு ஆயிரம் முறை சோதித்தாலும் இப்பிழை தலைகாட்டாது. தமிழெழுத்து ஒன்று நுழைந்த அக்கணமே அது வெளிப்படும். நிரலை எழுதியவர் தமிழ்மீது பகை கொண்டவரல்லர். குறியின் பொருளை முழுதும் எண்ணாதவர், அவ்வளவே. ஆயினும் கேடு வந்து சேர்வது தமிழ் எழுதுவோர்க்கே.

ஆயின் மூவழியுள் சிறந்தது யாது? என் சிற்றறிவுக்கு எட்டியது இது. எண்ணின் வகையிலேயே வேறுபாட்டை வைப்பது முதன்மையானது. என்னெனின், நகர்வு ஒன்றற்கே அன்றி, ஒப்பிடுதல், வகுத்தல், விரித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் அவ்வறிவிப்பு ஒருங்கே துணை செய்யும். வகையில் வேறுபாடு வையாத மொழியோ குறியிலேனும் வைத்தல் கடன். ஆதலின் ஜாவாவின் மூன்றாங் கோணம் மிகையன்று. இரண்டிடத்தும் வையாது பொறியின் விருப்பத்துக்கு விடுதலே குற்றம். எங்கே கூறுவது என்பதில் அறிஞர் மாறுபடலாம். எங்கேனும் கூறியே ஆகவேண்டும் என்பதில் மாறுபாட்டுக்கு இடமில்லை. மலைப்பிரசங்கத்தில் சொல்லின் நேர்மையைப் பற்றி நம் ஆண்டவர் போதித்தது மனிதர்க்கே ஆயினும், மொழியாக்குவோரும் அதனை உள்ளத்திற் கொள்ளல் தகும்.

தமிழ் மாணவராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து இளைஞர் பலர் இன்று நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்களுக்குத் தமிழிற் பாடம் எழுதப் புகுவோர் இருவகை நகர்வையும் வலநகர்வு என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்துவிடுவாராயின், பிறர் நீக்க முயன்ற மயக்கத்தை நாம் வலிந்து அழைத்துக்கொண்டவராவோம். சுழி நிரப்பும் நகர்வு, குறி காக்கும் நகர்வு என்று ஈண்டு வழங்கிய பெயர்களினும் சிறந்தவை பிறர்க்குத் தோன்றலாம். தோன்றின் அவற்றை மகிழ்ந்து ஏற்போம். ஆனால் பொருள் இரண்டாயின் பெயரும் இரண்டாதல் வேண்டும். உருபு மறைந்த தொகையை விரித்துப் பொருள் காணும் பயிற்சி நம் வகுப்பறைகளில் நாள்தோறும் நடைபெறுகின்றது. அப்பயிற்சி செய்யுள் நூல்களோடு நின்றுவிடாது, கணிப்பொறி நூல்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் செல்லுமாயின், நாம் கற்ற இலக்கணம் நம் காலத்துக்கும் பயன்பட்டதாகும்.